எட்டு நெடுக்கு

காட்பாடிச் சந்திப்பில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா நான்.
வண்டிகள் பிரிந்துபோகும் இடத்துக்குச்
சந்திப்பு என்று பெயர் வைத்தவர் யாரோ,
அவருக்கும் என் தொழில்தான்.

ராணிப்பேட்டைத் தோல் கட்டு, ஆரணிப் பட்டு, குடியாத்தம் லுங்கி
எடை போட்டுச் சீட்டுக் கிழித்த நேரம் போக
தொழிற்சங்க மாத இதழின் கடைசிப் பக்கத்துக்குக்
குறுக்கெழுத்துப் புதிர் கட்டுகிறேன்.
கவுஸ் பாய் அச்சடிக்கிறார்.
சம்பளம் இல்லை. டீ உண்டு.

எங்கள் ஊரில் குறிப்புக்குப் பஞ்சமில்லை.
மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை,
தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று
பழைய ஆட்கள் சொன்னதெல்லாம் கழித்தல் கணக்கு.
(சாமி மட்டும் பிற்பாடு திரும்பி வந்துவிட்டார்.)
"பாக்கெட்டில் வருவது அரை டஜன்; ஒரு சொட்டும் இல்லை (3)"
என்று எழுத, பாலத்தின் மேல் ஒருமுறை
பஸ்ஸில் போனால் போதும்.
கோட்டை, இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் வெறும் கோடு.
அகழியின் முதலெழுத்தைக் கழி;
மிஞ்சுவதும் கழி.
அதைக் கண்டுபிடித்த மதியம்
டிபன் பாக்ஸைத் திறக்க மறந்துபோனேன்.

தீர்த்து அனுப்புகிறவர்கள் மூன்று பேர்.
ஒரு லோகோ டிரைவர், ஜோலார்பேட்டை நர்ஸ் ஒருத்தி,
அப்புறம் தொரப்பாடியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு.
முனிரத்தினம். பெயருக்குக் கீழே ஓர் எண்.
வீட்டு எண் என்று நினைத்திருந்தேன்.
முதல் கார்டிலேயே தப்பு பிடித்தார்:
"பன்னிரண்டு குறுக்கில் ஒற்றெழுத்தை எண்ணாமல் விட்டீர்கள் அம்மா.
உயிர் ஏறாத மெய்க்கும்
தனியாக ஓர் அறை தரவேண்டும்."

சித்திரை இதழில் எட்டு நெடுக்கு:
"பறக்க உதவும், பறக்க விடாது (2)".
சிறை என்றால் சிறகும்தான் என்று
அகராதியில் தோண்டியெடுத்த பெருமையில் இருந்தேன்.
கார்டு வந்தது. எல்லாம் சரி.
ஓரத்தில் பென்சிலில்:
"எட்டு நெடுக்கில் பின்பாதி எங்களுக்குச் சலுகை.
முன்பாதியை வைத்துத்தான்
ரெண்டு பேர் ராத்திரி முழுக்கச் சண்டை."

திருப்பிப் பார்த்தேன்.
ஊதா முத்திரை. மத்திய சிறை, தணிக்கை செய்யப்பட்டது.
மூன்று வருடமாக அதே முத்திரை.
மை மங்கல்.
நானும் குறிப்பைப் படிக்கிற ரகம், முகவரியைப் படிக்காதவள்.

அடுத்த மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.
கதவு வேண்டாம், அடி. பூட்டு வேண்டாம்.
மாமியார் வீடுகூட வேண்டாம்.
பழம், பூ, பலகாரம் என்று
ஸ்கூல் பிள்ளைப் புதிர் ஆகிவிட்டது.
வந்தது கார்டு:
"இந்த முறை பதினொரு நிமிஷம்.
மிச்ச மாதத்துக்கு நாங்கள் என்ன செய்ய?"

வெட்கம் பிடுங்கியது.
ஐப்பசியில் போட்டேன்:
"கதவு உடைந்தால் தகுதி (3)".
தகவு என்று எழுதிப் பக்கத்தில்
எனக்கு ஒரு டிக் போட்டிருந்தார்.

மாசிக்குப் பிறகு கார்டு இல்லை.
கடைசியாக வந்ததில் கட்டம் எதுவும் நிரப்பவில்லை,
எனக்கென்று ஒரு குறிப்பு மட்டும்:
"கேட்டதும் சொல்வார், பெற்றதும் செல்வார் (2)".

கடலூருக்கு மாற்றலா, விடுதலையா, வேறு ஏதாவதா,
எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும்.
கேட்கவில்லை.
விடுதலையைப் பிரித்துப் பார்த்தால்
தலையை விடு என்று வருகிறது.
அது வேண்டாம்.

இரண்டு கட்டம் வரைந்து
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
எழுத்து எதுவென்று அன்றைக்கே தெரியும்.
பென்சிலும் சீவித்தான் இருக்கிறது.

வெளியே தோல் கட்டு நாறுகிறது, பெங்களூர் வண்டி லேட்.
கவுஸ் பாய் ரெண்டு முறை போன் பண்ணிவிட்டார்,
போன மாதப் புதிருக்கு
விடை எங்கே என்று.